விருந்தாளி வரும்போது நீங்கள் கூடத்தில் இருக்க வேண்டும்

கேள்வி: எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். எனக்குச் சனிக்கிழமையும் மதியம் ஒரு மணி வரை ஆபீஸ் உண்டு. பிரான்சிலிருந்து கணவரின் அண்ணன் குடும்பம் மூன்று வார லீவில் வருகிறது. அவர்கள், நாத்தனார் குடும்பம், என் தம்பி குடும்பம், நாங்கள் என மொத்தம் 16 பேர். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை ராத்திரி வீட்டிலேயே விருந்து வைக்க ஆசை. 4 பேர் குழந்தைகள். தம்பி மனைவி சைவம். மாமியாருக்குச் சர்க்கரை. இரண்டு பர்னர் அடுப்பும் சின்ன ஃபிரிட்ஜும்தான் இருக்கிறது. போன தடவை பரோட்டா, மட்டன், மீன் வறுவல், இறால் என்று இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசி ஆள் கை கழுவும் வரை அடுப்படியிலேயே நின்றேன். கிளம்பும்போது ஓரகத்தி, "உன்கிட்ட அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். "இந்தத் தடவை ஓட்டல்ல சொல்லிடலாம்" என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன சமைப்பது, எப்போதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் 20 பேர், 30 பேர் விருந்துகளுக்கு வீட்டுக்கே போய்ச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கடிதத்தில் இருப்பதை வாராவாரம் ஏதாவது ஒரு வீட்டில் பார்க்கிறேன். போன தடவை நீங்கள் அடுப்படியிலேயே நின்றதற்குக் காரணம் உங்கள் வேகமோ கைப்பழக்கமோ இல்லை. பரோட்டா, மீன் வறுவல், இறால் மூன்றுமே சாப்பிடுகிறவர் உட்கார்ந்த பிறகு அடுப்பில் ஏறுகிற பதார்த்தங்கள். பதார்த்தங்களை முடிவு செய்த அன்றைக்கே, அந்த ராத்திரி நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள் என்பதும் முடிவாகிவிட்டது.

அதனால் "என்ன சமைப்பது" என்ற கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: விருந்தாளி வந்த பிறகு அடுப்பில் என்ன வேலை இருக்கும்? என் கணக்கில் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். அந்த ஒன்றும் உங்கள் கையில் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் முன்கூட்டியே முடித்து, சூடு பண்ணிப் பரிமாறுகிற மாதிரி இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டுக்குள் நல்ல விருந்தே போட முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் நாள். சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். ஒரு மணிக்கு ஆபீஸ் விட்டு வந்து, அன்று ராத்திரியே 16 பேருக்கு இலை போடுவதென்றால் எந்தத் திட்டம் போட்டாலும் மூச்சு முட்டும். ஞாயிறு என்றால் சனிக்கிழமை மதியமும் சாயங்காலமும் முழுதாக உங்களுக்குக் கிடைக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. சனிக்கிழமை கவிச்சி தொடாதவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். வெளிநாட்டில் இருக்கும்போது பார்க்காதவர்கள்கூட, ஊருக்கு வந்து பெரியவர்கள் பக்கத்தில் உட்காரும்போது பார்ப்பார்கள். வந்து உட்கார்ந்த பிறகு "இன்னிக்கு சனிக்கிழமை ஆச்சே" என்று ஒருவர் கையை இழுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சங்கடம். திங்கட்கிழமை ஆபீஸ், பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றால், ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்தது போன். மூன்று குடும்பத்துக்கும் இந்த வாரமே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். யார் என்ன சாப்பிட மாட்டார்கள்? இறால், முட்டை, முந்திரி, வேர்க்கடலை என்று யாருக்காவது அலர்ஜி உண்டா? குழந்தைகள் எவ்வளவு காரம் தாங்குவார்கள்? இந்த விருந்தில் முந்திரி இருக்கிறது. அதனால் இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி பதார்த்தங்கள். இடியாப்பம், தேங்காய்ப்பால். கோழிக் குருமா, காய்கறிக் குருமா. சோறு, வடகம் தாளித்த மீன் குழம்பு, அதே வடகம் தாளித்த கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வஞ்சிரம் வறுவல். பீன்ஸ் பொரியல், வெங்காயத் தயிர்ப் பச்சடி, அப்பளம், மோர். கடைசியில் இளநீர் பாயசம். மட்டனும் இறாலும் வேண்டாம். ரசத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ரசம் பொங்கி வரும் நேரத்தில் இறக்க வேண்டும், மறுபடி கொதிக்க வைத்தால் மணம் போய்விடும். அதற்காகவே ஒரு ஆள் அடுப்படிக்குள் போக வேண்டி வரும். அந்த இடத்தை மோர் நிரப்பிவிடும்.

பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் வேலை அவ்வளவு இல்லை. இதில் இருப்பது இரண்டே மசாலா. குழம்பு இரண்டுக்கும் ஒரு அடிப்படை, குருமா இரண்டுக்கும் ஒரு அடிப்படை. ஒரே வதக்கலைப் பிரித்துத்தான் சைவமும் அசைவமும் செய்யப்போகிறீர்கள். என்னைப் போன்றவர்கள் ஒரே நாளில் பல பதார்த்தம் செய்வது இப்படித்தான்.

குழம்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த விருந்தில் ஓரகத்தி குடும்பம் ஏங்கி வரப்போவது அதற்குத்தான். சனிக்கிழமை சாயங்காலம் அகலமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, வெந்தயம் கொஞ்சம், கறிவேப்பிலை, அரை கிலோ சின்ன வெங்காயம், இரண்டு கை பூண்டு போட்டு நிதானமாக வதக்குங்கள். முக்கால் கிலோ தக்காளியைச் சேர்த்து, அது கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை விடுங்கள். மஞ்சள்தூள், குழம்பு மிளகாய்த்தூள், உப்பு, பிறகு 150 கிராம் புளியைக் கெட்டியாகக் கரைத்த கரைசல். பச்சை வாசனை போகிற வரை கொதித்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். துவையலை விடக் கொஞ்சம் தளர்வாக இருந்தால் போதும். கெட்டியாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒரே ஒரு சம்புடம்தான் இடம் பிடிக்கும். தண்ணீரை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு சாயங்காலம் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, வதக்கிய கத்தரிக்காய் சேர்த்துக் காரக்குழம்பு ஆக்குங்கள். மீதியில் தண்ணீர் விட்டு நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது மீனைப் போட்டால், துண்டின் கனத்தைப் பொறுத்து எட்டு, பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும்.

"மீன் குழம்பு காலையிலேயே வைத்து ஊறினால்தானே ருசி?" என்று மாமியார் கேட்பார். ஊற வேண்டியது மசாலா. அது முதல் நாள் ராத்திரியிலிருந்தே ஊறிக்கொண்டிருக்கிறது. வெங்காயமும் புளியும் மிளகாயும் ஒன்றோடொன்று சேர்வதற்குத்தான் நேரம் பிடிக்கும். மீனுக்குள் உப்பும் புளிப்பும் இறங்க இரண்டு மணி நேரம் போதும். ஆகஸ்ட் புழுக்கத்தில் காலையில் வெந்த மீனை ராத்திரி வரை மேடையில் வைத்திருப்பதை, அதிலும் குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடும் விருந்தில், நான் எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்வதில்லை.

வடகத்தைக் கடைசியில் தாளியுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாம் கலந்து கோடை வெயிலில் காய்ந்த உருண்டை அது. அதிக நேரம் கொதித்தால் மணம் அடங்கிவிடும். ஒரு உருண்டையை உதிர்த்து, சூடான நல்லெண்ணெயில் போட்டு, சிவந்து வாசனை தெருவுக்குப் போகும்போது குழம்பில் கொட்டி உடனே மூடிவிடுங்கள். வீட்டில் வடகம் இல்லையென்றால் இப்போதே சொல்லி வையுங்கள். கடலூர் பக்கம் சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு வீடு போடுவார்கள். தெரிந்தவர் வீட்டு வடகம் கிடைத்தால் அதுதான் நல்லது. ஓரகத்தி ஊருக்கு எடுத்துப் போகவும் சேர்த்து வாங்குங்கள். கேட்காமல் இருக்க மாட்டார்.

குருமாவும் இதே முறைதான். பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மல்லித்தூள் வதக்கலைச் சனிக்கிழமையே செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய், பண்ருட்டி முந்திரி, கசகசா, சோம்பு அரைத்த விழுதை மட்டும் தனிச் சம்புடத்தில் ஃப்ரீசரில் வையுங்கள். தேங்காய் சேர்ந்துவிட்டால் குழம்பு சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் விழுது ஞாயிற்றுக்கிழமைதான் சேர வேண்டும். குழந்தைகளுக்கென்று தனிக் குருமா வைக்க வேண்டாம். வெந்த கோழிக் குருமாவில் இரண்டு கரண்டியைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துத் தேங்காய்ப்பால் ஊற்றினால் காரம் இறங்கிவிடும். அதுவும் வேண்டாம் என்கிற குழந்தைக்கு இடியாப்பமும் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலும் இருக்கிறது.

இப்போது உங்கள் கணவர் சொன்ன ஓட்டல் யோசனைக்கு வருகிறேன். முழுச் சாப்பாட்டையும் வெளியில் வாங்க உங்களுக்கு மனசு வரவில்லை என்பது புரிகிறது. வெகுதூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உங்கள் கைச் சமையல்தான் விருந்து. ஆனால் இடியாப்பத்தைப் பிழிய வேண்டாம். ஆளுக்கு நாலு, குழந்தைக்கு மூன்று என்று 60 இடியாப்பம் வேண்டும். வீட்டு இட்லிப் பானையில் அதை அவித்து முடிக்க நாலைந்து ஈடு ஆகும். அத்தனை நேரமும் ஒரு பர்னர் போய்விடும், உங்கள் கையும் வலிக்கும். சாயங்காலம் இடியாப்பம் போட்டு விற்கும் அம்மாக்கள் உங்கள் பகுதியில் இருப்பார்கள். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, ஆறரை மணிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பரிமாறும் முன் லேசாகத் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் மூன்று நிமிஷம் ஆவி காட்டினால் புதிதாகப் பிழிந்தது போல ஆகிவிடும். உங்கள் ஊர் பேக்கரியில் கிடைக்கும் நீளமான பிரெஞ்சு ரொட்டி இரண்டு வாங்கி வையுங்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் அதைக் குருமாவில் தோய்த்து நன்றாகவே சாப்பிடுவார்கள்.

அளவுகள். இடியாப்பம் இருப்பதால் அரிசி ஒரு கிலோ போதும். கோழி ஒன்றரை கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை. குழம்புக்கு மீன் சுத்தம் செய்த பிறகு ஒன்றரை கிலோ இருக்க வேண்டும். முழு மீனாக வாங்கினால் தலையும் குடலும் செதிலும் போகும், அதற்கேற்பக் கூடுதலாக வாங்குங்கள். குழம்புக்குச் சங்கரா அல்லது கொடுவா. வறுவலுக்கு வஞ்சிரம் ஆளுக்கு ஒரு துண்டு. குழந்தைகளுக்கு முள் குறைந்த வறுவல் துண்டையே வையுங்கள். பாயசத்துக்கு இரண்டு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சி ஒன்றேகால் லிட்டருக்குக் கொண்டுவந்து சர்க்கரை சேர்த்துச் சனிக்கிழமை ராத்திரியே ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அரை லிட்டர் கெட்டித் தேங்காய்ப்பாலும், வழுக்கையும் கலந்தால் 16 பேருக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் வரும். வழுக்கையில் பாதியை அரைத்தும் பாதியைச் சின்னத் துண்டாகவும் போடுங்கள். சூடான பாலில் தேங்காய்ப்பாலைச் சேர்த்தால் திரியும், இரண்டும் குளிர்ந்திருக்க வேண்டும். இந்தப் பாயசத்தைத் தேர்ந்தெடுத்ததே அடுப்பே இல்லாமல் பரிமாறலாம் என்பதற்காகத்தான்.

ஃபிரிட்ஜ் சின்னது என்கிறீர்கள். அப்படியானால் புதன்கிழமையிலிருந்தே அதைக் காலி செய்யத் தொடங்குங்கள். இட்லி மாவு, பாதி ஊறுகாய் பாட்டில்கள், பழைய சட்னி எதுவும் அந்த வாரம் உள்ளே இருக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு உள்ளே போக வேண்டியவை குழம்பு மசாலா, குருமா வதக்கல், சுண்டிய பால், தயிர், நறுக்கிய பீன்ஸ். இவ்வளவுதான். ஆனால் சூடாக உள்ளே வைக்காதீர்கள். பெரிய பாத்திரம் சூட்டோடு உள்ளே போனால் பக்கத்தில் இருப்பதும் சூடாகிக் கெடும். அதே சமயம் "ஆறட்டும்" என்று விடிய விடிய மேடையில் விடுவதும் ஆபத்து. அகலமான தட்டுப் பாத்திரத்தில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய அன்னக்கூடையில் இறக்கி வைத்து, நடுநடுவே கிளறினால் அரைமணி, முக்கால் மணியில் ஆறிவிடும். சமைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கும் கோழிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே இடம் போதாது. தெர்மோகோல் பெட்டி ஒன்றை முன்னதாகவே வாங்கி வைத்து, மீன் வாங்கும் இடத்திலேயே ஐஸும் வாங்கி வரச் சொல்லுங்கள். மீனையும் கோழியையும் தனித்தனி மூடிய டப்பாவில் போட்டு ஐஸில் புதைத்து வையுங்கள். அந்த ஐஸைத் தண்ணீரிலோ ஜூஸிலோ மட்டும் போடாதீர்கள், அது குடிக்கிற ஐஸ் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தைகளின் வயிறு இங்கத்தித் தண்ணீருக்குச் சட்டென்று பழகாது. காய்ச்சி ஆறிய தண்ணீரோ, சீல் பிரிக்காத 20 லிட்டர் கேனோ தனியாக இருக்கட்டும். மோர் கலக்கவும் அதே தண்ணீர்தான்.

மீன் வாங்குவது உங்கள் கணவரின் பொறுப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும், அதனால் மீனுக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஊரே மீன் வாங்கும். ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடட்டும். பெரிய மார்க்கெட்டுக்குப் போவதென்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் களைகட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். கண் பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். நினைத்த மீன் அன்று நன்றாக இல்லையென்றால் நன்றாக இருக்கிற வேறு மீனை வாங்கி வரும் சுதந்திரத்தையும் அவருக்குக் கொடுங்கள்.

வறுவல் மீனுக்குக் காலையிலேயே மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது தடவிவிடலாம். எலுமிச்சைச் சாறு மட்டும் அப்போது வேண்டாம். பல மணி நேரம் புளிப்பில் கிடந்தால் சதை விறைத்துப்போகும். வறுக்க அரைமணி முன்பு பிழிந்தால் போதும்.

இந்த வறுவல்தான் நான் சொன்ன "ஒன்றே ஒன்று". விருந்தாளிகள் இருக்கும்போது அடுப்பில் ஏறுவது இது மட்டும்தான், இதைச் செய்யப்போகிறவர் உங்கள் கணவர். தோசைக்கல்லில் ஒரு தடவைக்கு நாலு துண்டு என்று போட்டால் அரைமணி, முக்கால் மணி வேலை. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே செய்யட்டும். பழக்கமில்லை என்பார். முந்தின வாரம் ஒரு நாள் இரண்டு துண்டு வாங்கி வறுக்கச் சொல்லுங்கள்.

விருந்துக்குப் பத்து நாள் முன்பே பார்க்க வேண்டிய சில வேலைகள் உண்டு. சிலிண்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, இல்லையென்றால் உடனே புக் செய்யுங்கள். ஷாமியானா கடையில் நாற்காலி, ஒரு நீள மேஜை, பெரிய கரண்டிகள் சொல்லி வையுங்கள். ஆகஸ்ட் கடைசி ஆவணி மாதம். ஆடி முடிந்ததும் கல்யாணங்கள் தொடங்கிவிடும். முகூர்த்த நாளாக இருந்தால் வாழை இலை, பூ, காய் எல்லாமே விலை ஏறும், வாடகைச் சாமானும் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் போடலாம் என்று நினைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். இந்த மாதத்தில் சாயங்கால இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூடமே போதும்.

வியாழக்கிழமை மளிகை வாங்கிவிடுங்கள். அன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். பரிமாறப்போகிற பாத்திரங்களை எல்லாம் மேஜையில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் "கோழி", "காய்கறிக் குருமா", "சோறு" என்று துண்டுச் சீட்டு போடுங்கள். மூடி இருக்கிறதா, கரண்டி இருக்கிறதா, சைவத்துக்குத் தனிக் கரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் மீன் குழம்புக் கரண்டி காரக்குழம்பில் போனால் உங்கள் தம்பி மனைவி வாய் திறந்து சொல்ல மாட்டார், சாப்பிடவும் மாட்டார். எந்தப் பாத்திரம் குறைகிறது என்பதும் அன்றே தெரிந்துவிடும், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்க நேரம் இருக்கும்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு வெங்காயம் உரிக்க உட்காருங்கள். மாமியாரும் நீங்களும் சேர்ந்து உரித்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். ஒன்பது மணிக்குள் இரண்டு மசாலாவும் பாலும் ஆறி உள்ளே போயிருக்கும். இடையில் மிளகு, உப்பு, நெய் போட்டு முந்திரி வறுத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். விருந்தாளிகள் வந்ததும் எலுமிச்சை ஜூஸோடு வைக்க அது ஒன்றே போதும். வந்தவுடன் பஜ்ஜி போடுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள்.

ஞாயிறு மதியம் வீட்டில் தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இரண்டிலிருந்து மூன்றரை வரை கட்டாயம் படுங்கள். நாலு மணிக்கு அடுப்பு. முதலில் சைவம்: ஒரு பர்னரில் காய்கறிக் குருமா, இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு, அது இறங்கியதும் பொரியல். ஐந்து மணிக்குக் கோழிக் குருமா. சைவத்தை முதலில் முடித்து மூடி ஒதுக்கிவிட்டால் கரண்டி மாறுகிற பயமே இல்லை. ஐந்தேமுக்காலுக்கு மீன் குழம்பு, பக்கத்தில் அப்பளம் பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில். ஆறரைக்குச் சோறு. சோற்றைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெந்த சோற்றில் பிழைத்திருக்கும் ஒருவகைக் கிருமி, வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் பெருகி வாந்தியை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அதன் நஞ்சு போகாது. சுடச்சுட ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் எட்டரை வரை நன்றாக இருக்கும்.

குக்கர் விசில் வரும் நேரத்தில் நீங்கள் குளிக்கப் போய்விட வேண்டும். ஏழு மணிக்குப் புடவை மாற்றித் தலைவாரி, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். வருகிறவர்களுக்கும் அதுதான் நிம்மதி. வேர்த்துக் கொட்டி ஓடிவந்து கதவைத் திறந்தால், "நம்மால இவளுக்குத் தொந்தரவு" என்ற நினைப்போடுதான் அவர்கள் உள்ளே வருவார்கள்.

ஏழரைக்கு இரண்டு குருமாவும் நன்றாக ஒரு கொதி வரட்டும், லேசாகச் சூடு காட்டுவது போதாது. கூடவே இடியாப்பத்துக்கு ஆவி. ஏழேமுக்காலுக்குக் குழந்தைகளையும் மாமியாரையும் உட்கார வையுங்கள். மாமியார் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் என்றால், விருந்துக்காக அவர் சாப்பிடும் நேரத்தைத் தள்ளவே கூடாது. மருந்து போட்டுக்கொண்டு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அவர் இலையில் இரண்டு இடியாப்பம், பொரியல், குருமா, மீன் என்று காயும் மீனும் தூக்கலாக இருக்கட்டும். பாயசத்துக்குப் பதில் கொய்யாத் துண்டு. அதை அவருக்கு மட்டும் தனியாக நீட்டாமல் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தட்டில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் எதிரில் அவர் சங்கடப்பட வேண்டாம்.

எட்டேகாலுக்குப் பெரியவர்கள் பந்தி. அதில் உங்களுக்கும் ஒரு இலை இருக்க வேண்டும், ஓரகத்திக்குப் பக்கத்தில். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுப் பெண் உட்கார வேண்டும் என்பதை நான் போகிற வீடுகளில் எல்லாம் எதிர்த்துப் பேசுவேன், உங்களிடமும் சொல்கிறேன். முதல் சுற்றை உங்கள் கணவரும் தம்பியும் பரிமாறட்டும். அதன் பிறகு பாத்திரங்கள் நீள மேஜையில் இருக்கும், வேண்டியவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இதை முதல் நாளே கணவரிடமும் தம்பியிடமும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் எழுந்துவிடுவார், பிறகு பந்தி முழுக்க எழுந்து உட்கார்வதிலேயே போகும்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் பேசிவிடுங்கள். அவர் வீட்டுக்கும் சாப்பாடு எடுத்து வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இலையில் சாப்பிடுவதால் தட்டு இல்லை. பாத்திரங்களில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தால் அன்றைக்கு அது போதும். மிஞ்சிய குழம்பு, குருமாவை விருந்தாளிகள் கிளம்புவதற்குக் காத்திராமல் பந்தி முடிந்ததும் சின்னச் சம்புடங்களில் மாற்றி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் மசாலாவை எடுத்ததில் காலியான இடம் இதற்கு உதவும். சோறு மிஞ்சினால் அதுவும் உள்ளேதான் போக வேண்டும், விடியும் வரை குக்கரில் கிடக்கக் கூடாது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. கடைசி நேரத்தில் இன்னும் நாலு பேர் வருவதாகச் சொன்னால், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இடியாப்பம் பதினாறு கூடுதலாகச் சொல்லுங்கள், அரிசியில் கால் கிலோ, கோழியில் அரைக் கிலோ, வஞ்சிரத்தில் நாலு துண்டு ஏற்றிக்கொள்ளுங்கள். குழம்பு மசாலா 20 பேருக்கும் தாங்கும்.